கோடம்பாக்கத்தில் கதை சொல்லப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உதவி இயக்குநராக இருந்த காலத்தில் பல அலுவலகங்களில் கதை சொல்லியிருக்கிறேன். பிறகு ஒரு தயாரிப்பு நிறுவனத்தில் மூன்று வருடம் கதை கேட்கும் வேலை பார்த்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்த பிறகுதான் ஒன்று புரிந்தது. கதை கேட்கிறவருக்கு அதை வாங்கும் அதிகாரம் பெரும்பாலும் கிடையாது. எனக்கும் இல்லை. கதை பிடித்திருந்தால் நான் அதைத் தயாரிப்பாளரிடம் சொல்ல வேண்டும். அவருக்குப் பிடித்தால் ஹீரோவின் மேனேஜரிடம் சொல்வார். மேனேஜர் காரில் போகும்போது ஹீரோவிடம் சொல்வார். அப்புறம் ஃபைனான்சியரிடம் ஒருமுறை, ஓடிடி ஆட்களிடம் ஒருமுறை. இந்த இடங்கள் எதிலும் கதையை எழுதியவர் இருக்க மாட்டார்.

நல்ல கதையோடு வந்து வெறுங்கையோடு திரும்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் செய்த தவறுகள் வேறு வேறாகத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான்: கேட்டவர் நாளைக்கு இதை இன்னொருவரிடம் சொல்லியாக வேண்டும் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை.

ஒன்லைனை ஒளித்து வைப்பது

"சார், ஒன்லைன் சொன்னா சஸ்பென்ஸ் போயிடும். முழுசா கேளுங்க." இதை வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்டிருப்பேன். ஒன்லைன் என்றால் முழுக் கதையையும் ஓரிரு வரியில் சொல்லிவிடுவது. ரசிகரிடம் மறைக்க வேண்டியதைத் தயாரிப்பாளரிடம் மறைக்கக் கூடாது. டிக்கெட் வாங்குகிறவர் திருப்பத்தை அனுபவிக்க வருகிறார். பணம் போடுகிறவர் அந்தத் திருப்பம் எடுபடுமா என்று பார்க்க உட்கார்ந்திருக்கிறார். கிளைமாக்ஸை மட்டும் சொல்லாமல் "அதை ஸ்க்ரீன்ல பாருங்க சார்" என்று எழுந்து போனவர்களும் உண்டு. முடிவு தெரியாத கதையை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

இன்னும் சிலர் ஒன்லைன் என்ற பெயரில் கருப்பொருளைச் சொல்வார்கள். "ஒரு தாயோட வலி சார். அதிகாரம் எளிய மக்களை என்ன பண்ணுதுங்கிறதுதான் படம்." சொல்கிறவர் உள்ளத்திலிருந்துதான் சொல்கிறார், சந்தேகமில்லை. ஆனால் அடுத்த அறைக்கு எடுத்துப் போக அதில் எதுவும் இல்லை. அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள், இந்தக் கட்டுரைக்காக நான் யோசித்த கதைதான்: தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, மகனைக் காணோம் என்று போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறார். அவர் அழுதுகொண்டே சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிற ஏட்டுதான் அந்தப் பையனைக் கடைசியாகப் பார்த்தவர். அம்மாவுக்கு அது தெரியாது, நமக்குத் தெரியும்.

இதைக் கேட்டவர் மறுநாள் டீக்கடையில் நின்றுகொண்டேகூட இன்னொருவருக்குச் சொல்லிவிடலாம். சொல்லும்போது கொஞ்சம் சிதைந்தாலும் கதை சாகாது. உங்கள் ஒன்லைன் அப்படி இருக்கிறதா என்று பார்க்க, சினிமாவோடு சம்பந்தமில்லாத ஒரு நண்பரிடம் சொல்லுங்கள். மூன்று நாள் கழித்து அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் விட்டுவிட்ட இடங்கள் பெரும்பாலும் கதைக்குத் தேவையில்லாதவை. அவர் மாற்றிச் சொன்ன இடங்களில் நீங்கள் தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

படத்தைச் சொல்வது, கதையை விடுவது

"ஸ்க்ரீன் பிளாக்ல இருக்கு சார். தூரத்துல ஒரு நாய் குரைக்குது. அப்படியே டிரோன் மேல போகுது..." பத்து நிமிடம் இப்படியே போகும். ஹீரோ யார், என்ன செய்கிறான் என்று இன்னும் தெரிந்திருக்காது. நடுவில் வாயாலேயே பிஜிஎம் வேறு. ஷாட்டும் இசையும் உங்கள் மனதுக்குள் ஓடுகின்றன, கேட்கிறவர் மனதுக்குள் ஓடவில்லை. அவர் பிடித்துக்கொள்ளத் தேடுவது ஒரு மனிதரை.

நடித்துச் சொல்வதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். வில்லுப்பாட்டும் கதாகாலட்சேபமும் கேட்ட ஊர் இது, குரலை ஏற்றி இறக்கிக் கதை சொன்னால் நமக்குப் பிடிக்கும். ஆனால் வில்லுப்பாட்டுக்காரர் கதை நகர வேண்டிய இடத்தில் பாட்டை நிறுத்திவிட்டு, பேச்சில் கதையை நகர்த்துவார். அந்த நிதானம் வேண்டும்.

பெயர்களைக் கொட்டுவதும் இதே தவறுதான். செல்வம், செல்வத்தின் மச்சான் குமார், குமாரின் முதலாளி ராஜதுரை என்று கால் மணி நேரத்தில் பத்துப் பெயர் வந்தால் கேட்கிறவர் கதையை விட்டுவிட்டு உறவுமுறையைக் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். அம்மா, ஏட்டு, இன்ஸ்பெக்டர் என்று சொன்னால் போதும்.

"அப்புறம் ரிவெஞ்ச்தான் சார்"

நான் கேட்ட கதைகள் அதிகம் விழுந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். ஃபர்ஸ்ட் ஹாஃப் ஒன்றரை மணி நேரம், காட்சி காட்சியாக, வசனத்தோடு வரும். இண்டர்வெல் பிளாக், அதாவது இடைவேளைக்கு முன் வரும் பெரிய காட்சியைச் சொல்லும்போது, சொல்கிறவருக்கே மயிர்க்கூச்செறியும். டீ வரும். டீ குடித்து முடித்ததும் செகண்ட் ஹாஃப் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும்.

இதற்குக் காரணம் சோம்பல் இல்லை. நம் ஊரில் இடைவேளை என்பது கதையின் நடுவில் நிற்கும் தூண் மாதிரி. கதை டிஸ்கஷனில் எல்லோரும் அதை நோக்கியே யோசிக்கிறார்கள், மாதக்கணக்கில் அதையே செதுக்குகிறார்கள். அதற்குள் கதையில் இருந்த ஒரே கேள்விக்கு விடை கொடுத்துவிடுகிறார்கள். உப்பளத்து அம்மா கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏட்டைப் பற்றிய உண்மை இடைவேளையில் அம்மாவுக்குத் தெரிந்துவிடுகிறது என்று வைத்தால் அரங்கம் அதிரும். ஆனால் அதன் பிறகு பழிவாங்கல் ஒன்றைத் தவிர மிச்சம் எதுவும் இருக்காது. அதற்குப் பதிலாக, அம்மாவுக்கு உண்மை தெரிந்துவிட்டது என்பது ஏட்டுக்குத் தெரியாது, அவரைத் தவிர ஸ்டேஷனில் அந்த அம்மாவுக்கு உதவ வேறு யாரும் இல்லை என்று வைத்துப் பாருங்கள். இப்போது செகண்ட் ஹாஃபுக்கு ஒரு புதிய கேள்வி கிடைக்கிறது. இண்டர்வெல் ஒரு கேள்வியை மூடும்போதே அதைவிடப் பெரிய கேள்வியைத் திறக்க வேண்டும். அது இல்லாமல் கதை சொல்லப் போகாதீர்கள், இன்னும் இரண்டு மாதம் ஆனாலும் பரவாயில்லை.

யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் போவதும் நடக்கிறது. அந்த நிறுவனம் கடைசியாக எடுத்த படங்களைப் பார்த்துவிட்டுப் போங்கள். எத்தனை நாள் ஷூட்டிங், எத்தனை இரவு, எத்தனை ஊர் என்று கேட்டால் தோராயமாகவாவது சொல்லத் தெரிய வேண்டும். "அந்தப் படமும் இந்தப் படமும் சேர்ந்த மாதிரி" என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த இரண்டில் ஒன்று அவருக்குப் பிடிக்காத படமாக இருக்கலாம், அல்லது அதில் அவர் பணத்தை இழந்திருக்கலாம்.

அங்கேயே மாற்றிவிடுவது

"ஹீரோவுக்கு ஒரு லவ் இருந்தா நல்லா இருக்குமே" என்பார் எதிரில் இருப்பவர். "வச்சிடலாம் சார்" என்று அடுத்த நொடியே பதில் வரும். "அம்மாவுக்குப் பதிலா அப்பா?" "அதுவும் நல்லா இருக்கும் சார்." இரண்டு வருட உழைப்பை இரண்டு நிமிடத்தில் விட்டுக்கொடுப்பவரைப் பார்த்தால் மனசு வலிக்கும். அவர் நிலைமை எனக்குத் தெரியும். அறை வாடகை, ஊரிலிருந்து வரும் போன், எல்லாமே அந்த "வச்சிடலாம் சார்"க்குப் பின்னால் இருக்கின்றன. ஆனால் அந்தக் கேள்விகளில் பாதி சோதனைக்காகக் கேட்கப்படுபவை. எதை அசைத்தால் கதை விழும் என்று எழுதியவருக்குத் தெரிகிறதா என்று பார்க்கிறார்கள். "இரண்டு நாள் டைம் கொடுங்க சார், யோசிச்சுட்டு வர்றேன்" என்று தயங்காமல் சொல்லலாம். அப்படிச் சொன்னவர்களை நாங்கள் மதித்தோம்.

இன்னொன்று, கதை சொல்வதற்குக் காசு கொடுக்காதீர்கள். ஹாலிவுட்டில் எழுத்தாளருக்கும் ஸ்டூடியோவுக்கும் நடுவில் ஏஜென்ட் இருப்பது வழக்கம், எழுத்தாளருக்குப் பணம் வந்தால் அதில் ஒரு பங்கு அவருக்கு. நம்மிடம் அந்த இடத்தை நிரப்புவது மேனேஜர்கள், கேமராமேன்கள், எடிட்டர்கள், பழைய உதவி இயக்குநர்கள். இந்த இடைவெளியில்தான் "ஹீரோகிட்ட உட்கார வைக்கிறேன், செலவுக்கு ஐம்பதாயிரம்" என்கிறவர் நுழைகிறார். கதை விற்ற பிறகு பங்கு கேட்பது வேறு. விற்கும் முன்பே பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

எழுதாமல், பதியாமல் போவது

"கதை திருடுபோயிடுச்சு" என்ற புலம்பல் கோடம்பாக்கத்தில் ஓயாது. அதில் எத்தனையோ உண்மையும் இருக்கிறது. ஆனால் சட்டம் எதைக் காக்கிறது என்று தெரியாமலேயே பலர் சொல்லப் போகிறார்கள். 1978-இல் உச்ச நீதிமன்றம் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனந்த் ஒரு நாடக ஆசிரியர். அடுத்தடுத்த வீட்டில் இருக்கும் பஞ்சாபிக் குடும்பம், மதராஸிக் குடும்பம், இரு வீட்டுப் பிள்ளைகளின் காதல் என்று போகும் அவருடைய நாடகம். அதை ஒரு இந்தி இயக்குநரிடம் அவரே சொன்னார். பிறகு வந்த படத்தில் தன் நாடகம் இருப்பதாக வழக்குப் போட்டார், தோற்றார். கருவுக்குக் காப்புரிமை (காப்பிரைட்) இல்லை, அதை எழுதி வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு என்றது தீர்ப்பு.

ஆகவே வாயால் சொன்ன ஒன்லைனை மட்டும் நம்பி நீதிமன்றம் போக முடியாது. காட்சிகளோடு முழுத் திரைக்கதையாக எழுதி, புத்தகமாகக் கட்டிய பவுண்ட் ஸ்கிரிப்ட் ஆக்கிவிட்டு, அதன் பிறகு சொல்லப் போங்கள். எழுதிய கணமே உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது, பதிவு கட்டாயமில்லை. ஆனால் எப்போது எழுதினீர்கள் என்பதற்குச் சான்று வேண்டுமே. மத்திய அரசின் காப்புரிமை அலுவலகத்தில் இலக்கியப் படைப்பைப் பதிய 500 ரூபாய், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். சென்னையில் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்திலும் பதியலாம். 2018-இல் விஜய் நடித்த 'சர்கார்' வெளிவரும் முன், அது தன் கதை என்று எழுத்தாளர் வருண் ராஜேந்திரன் புகார் செய்தார். 2007-இல் 'செங்கோல்' என்ற பெயரில் அவர் பதிந்து வைத்திருந்த கதைதான் அந்தச் சங்கத்தின் விசாரணைக்கு அடிப்படையாக இருந்தது. சங்கத் தலைவராக இருந்த கே. பாக்யராஜ் இரண்டுக்கும் ஒற்றுமை இருப்பதாகச் சொன்னார். உயர் நீதிமன்றத்தில் சமரசம் ஆகி, படத்தில் வருணுக்கு அங்கீகாரம் தரப் படத் தரப்பினர் ஒப்புக்கொண்டார்கள். பதினோரு வருடம் முன்பு செய்த ஒரு பதிவு அன்றைக்குக் கைகொடுத்தது.

சொல்லிவிட்டு வந்த அன்று மாலையே நன்றி சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இன்ன தேதியில் இன்ன கதையை உங்களிடம் சொன்னேன் என்று அதில் இருக்கட்டும். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

டோக்கன் அட்வான்ஸ், அதாவது கதைக்கான சிறு முன்பணம், கையில் வந்ததும் நீட்டிய தாளில் கையெழுத்துப் போடுவது அடுத்த தவறு. காப்புரிமைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதும் என்று பொருள். வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகிவிடும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய. அந்த "வேறு மாதிரி" எந்த வரியில் ஒளிந்திருக்கிறது என்று வக்கீல் ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். ரீமேக், வெப் சீரிஸ் உரிமையெல்லாம் அதே வரியில் போய்விடலாம்.

"பார்க்கலாம்" என்ற பதில்

கதை கேட்டு முடித்ததும் "நல்லா இருக்கு, பார்க்கலாம்" என்பார்கள். அதை வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு நொந்து போவதும், சரி என்று எடுத்துக்கொண்டு தினமும் போன் போடுவதும் ஒரே அளவு தவறு. அவர் இன்னும் முடிவு செய்யவில்லை, அவ்வளவுதான். அந்த நேரத்தில் ஒரு பையன் என்னிடம் கேட்டதை இன்னும் மறக்கவில்லை. "சார், நீங்க இதை யார்கிட்டயாவது சொல்றதா இருந்தா உதவியா இருக்கும்னு ஒரு பக்கம் எழுதி வச்சிருக்கேன். கொடுத்துட்டுப் போகட்டுமா?" பையிலிருந்து எடுத்த தாளின் மேலே கதைப் பெயர், பதிவு எண், போன் நம்பர். கீழே முடிவு வரைக்கும் முழுக் கதையும் இருந்தது. அன்று மாலையே அந்தத் தாளைப் பார்த்துத்தான் தயாரிப்பாளரிடம் கதை சொன்னேன்.