என்ஜின் லைட்டோடு வரும் பி0171 (P0171) பிழைக் கோட், அழித்தாலும் திரும்ப வருகிறதா?
பழைய காடியில் இந்தக் கோட் வந்தால் உடனே ஆக்சிஜன் சென்சரை மாற்றச் சம்மதிக்காதீர்கள், அது பெரும்பாலும் சேதி சொல்லும் ஆள்தான். காற்று அதிகம், பெட்ரோல் குறைவு, அவ்வளவுதான் விஷயம். இந்தக் கோட்-ஐ அழிப்பதற்கு முன் ஸ்கேனரில் ஃபிரீஸ் ஃபிரேமைப் படம் எடுத்து வையுங்கள், கோட் விழுந்தபோது இருந்த வேகம், என்ஜின் சூடு எல்லாம் அதில் இருக்கும். அப்புறம் ஃபியூவல் டிரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்ற அளவு: ஐடிலில் (காடி நின்றபடி என்ஜின் ஓடும்போது) எக்கச்சக்கமாக ஏறியிருந்து, 2500 ஆர்பிஎம்மில் இறங்கி வந்தால் எங்கோ வேக்குவம் கசிகிறது, அதாவது கணக்கில் வராத காற்று என்ஜினுக்குள் நுழைகிறது என்று சந்தேகப்படலாம். கோலாலம்பூர் ஃபெடரல் ஹைவே ஜாமில் வருடக்கணக்கில் வெந்த வேக்குவம் ரப்பர் ஹோஸ்கள் வளைவிலும் கிளிப் அடியிலும்தான் வெடிக்கும். என்ஜின் ஆறியதும் விரலால் மடக்கிப் பாருங்கள், விரிசல் கோடு கோடாகத் தெரியும். ஆர்பிஎம் ஏற ஏற டிரிம்மும் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டரைப் பார்க்கச் சொல்லி போர்மேனிடம் (மெக்கானிக்கிடம்) கேளுங்கள்.