ஆட்டோமேட்டிக் சோக்: அந்த மூன்று ஸ்க்ரூவில் கை வைக்கும் முன்

போன வாரம் கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டு கார் ஷெட்டில் நின்றிருந்தேன். ஐம்பதுகளின் ஷெவர்லே கார். ஆறிய இன்ஜின் சுலபமாக ஸ்டார்ட் ஆக, கார்புரேட்டருக்குப் போகும் காற்றைக் குறைக்கும் தகடுதான் சோக்; இந்த வண்டியில் அது தானாகவே மூடித் திறக்கும். ஒரு தம்பி காரைக்குடி வரை ஓட்டிவிட்டு வந்த கையோடு, சோக் மூடியின் மூன்று ஸ்க்ரூவையும் தளர்த்திக்கொண்டிருந்தான். "அண்ணே, சோக் மூடவே மாட்டேங்குது" என்றான். இருபது வருஷத்துக்கு முன் நான் பேசிய அதே வசனம். சோக்கில் கை வைக்கும்போது நடக்கும் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சூடான இன்ஜினில் மூடியைத் திருப்புவது

மூடிக்குள் இருப்பது இரண்டு உலோகம் ஒட்டிய சுருள். சூடேறினால் தளர்ந்து காற்றுத் தகட்டைத் திறக்கும், ஆறினால் இறுகி மூடும். சூட்டில் தகடு நிமிர்ந்து, திறந்து நிற்பதுதான் சரி. அதைப் பழுதென்று நினைத்து, தகடு மூடும்வரை மூடியை 'ரிச்' (பெட்ரோல் கூடும்) பக்கம் திருப்பினால், ராத்திரி ஆறியதும் சுருள் இன்னும் இறுகித் தகட்டை அமுக்கிக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு சூடானாலும் முழுசாகத் திறக்காது.

நான் அதைத்தான் செய்தேன். மறுநாள் பிள்ளையார்பட்டிக்குக் கல்யாண வண்டி. முதல் ஸ்டார்ட்டிலேயே பிடித்தது, எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். வழியெல்லாம் கரும்புகை, மாப்பிள்ளை வேட்டியில் பெட்ரோல் வாடை. அப்படியே இரண்டு வாரம் ஓடியது. ஆயில் குச்சியை உருவினால் அளவு ஏறியிருக்கிறது! ஆயில் என்ன கிணறா, ஊறுவதற்கு? பெட்ரோல், சிலிண்டர் சுவரின் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கியிருந்தது. பிஸ்டன் ரிங் போச்சு, போர் (சிலிண்டரின் உட்சுவர்) கீறிப் போச்சு, இன்ஜினை இறக்க வேண்டியதாயிற்று. மூடியை அதன் விளிம்பில் உள்ள அளவுக் கோட்டில் நாலு கோடு நகர்த்தியதற்கு அந்தச் செலவு. கட்டியது நான்.

சரி, முறை இதுதான். ராத்திரி முழுக்க ஆறவிடுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யாமல் ஆக்சிலேட்டரை ஒரு முறை மிதித்து விடுங்கள், அப்போதுதான் தகடு விடுபடும். அது பட்டும் படாமலும் மூடும் இடத்தில் மூடியை நிறுத்துங்கள். விரலால் தொட்டால் நெகிழ வேண்டும். நம் ஊர் மார்கழிக்கே அது தாராளம். மாற்றினால் ஒரு நாளைக்கு ஒரு கோடு.

சூட்டுக் குழாயை மறப்பது

எக்ஸாஸ்ட் பக்கமிருந்து வரும் மெல்லிய குழாய் அடைத்திருந்தால் சுருளுக்குச் சூடே வராது. ஷெட்டில் கிடந்த வண்டி ஒன்றில் குளவிக்கூடு எடுத்திருக்கிறேன்.

எலெக்ட்ரிக் சோக்குக்குக் காயிலில் கரண்ட் எடுப்பது

எலெக்ட்ரிக் சோக்கில் சுருளைச் சூடாக்குவது கரண்ட். அதை இக்னிஷன் காயிலில் எடுத்தால் ஸ்பார்க் இளைக்கும். சாவி போட்டால் மட்டும் வரும் தனி வயர் இழுங்கள். 1955க்கு முந்திய ஷெவர்லே 6 வோல்ட், அதையும் பார்த்து வாங்குங்கள்.

சோக் தண்டுக்கு ஆயில் விடுவது

செம்மண் புழுதி ஒட்டிப் பிசினாகும்.

தகட்டைக் கம்பியால் கட்டி வைப்பது

கூடாது.

அந்தத் தம்பியோடு மறுநாள் காலை ஆறு மணிக்கே போனேன். எங்களுக்கு உதவியாக இருக்கட்டுமென்று டிரைவர் வண்டியை ஸ்டார்ட் செய்து, நன்றாகச் சூடாக்கி வைத்திருந்தார்.