பழைய வண்டிக்கு செல்ஃப் மோட்டார் வாங்கப் போகிறீர்களா? கழற்றியதைக் கையோடு எடுத்துப் போங்கள்

போன ஐப்பசியில் ஒரு விடிகாலை. மதுரை மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டிகளை இறக்கிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். என் பழைய டாடா 407 லாரி 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் கொடுத்துவிட்டு அப்படியே நின்றது. பின்னால் நாலு வண்டி ஹாரன் அடிக்க, மூட்டை தூக்கும் அண்ணன்கள் ஆறு பேர் சேர்ந்து தள்ளித்தான் அன்றைக்கு வீடு வந்து சேர்ந்தேன். மறுநாளே ஒரு கடைக்குப் போய் "407-க்கு செல்ஃப் வேணும்" என்று கேட்டு (இன்ஜினை முதலில் சுற்றிக் கிளப்புகிற ஸ்டார்ட்டர் மோட்டாரைத்தான் செல்ஃப் என்கிறோம்), பெயின்ட் மினுமினுக்க அவர்கள் எடுத்துக் கொடுத்ததை வாங்கி மாட்டினேன். மூன்று மாதத்தில் அந்த செல்ஃபும் போனது, ஃப்ளைவீலில் (இன்ஜினின் பின்னால் சுற்றுகிற கனமான சக்கரம்) இருக்கிற ரிங் கியர் என்ற பல் வளையத்தின் பற்களும் போயின. கியர் பாக்ஸை இறக்கி ரிங் கியர் மாற்றியபோதுதான் நான் இரண்டு தவறு செய்திருந்தது தெரிந்தது. ஒன்று, முதலில் நின்ற அன்றைக்கு என் பழைய செல்ஃபில் கோளாறே இல்லை, பேட்டரியின் மைனஸை வண்டியின் உடம்போடு இணைக்கிற எர்த் கேபிள்தான் உளுத்துப் போயிருந்தது. இரண்டு, பழையதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் புதியதை வாங்கினேன். வண்டித்தொழிலுக்குப் புதிதாக வந்தவர்கள் இந்த இரண்டிலும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் செல்ஃப் எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாகப் புரியும். சாவியைத் திருப்பும்போது ஒரு மெல்லிய வயர் வழியாகக் கரண்ட் சொலினாய்டுக்குப் போகிறது (செல்ஃபின் முதுகில் சின்ன உருளை மாதிரி உட்கார்ந்திருக்குமே, அதுதான்). சொலினாய்டு இரண்டு வேலை செய்கிறது. பினியன் என்கிற சின்னப் பல்சக்கரத்தை முன்னால் தள்ளி ரிங் கியரோடு கடிக்க வைக்கிறது, அப்புறம் உள்ளே இருக்கிற தடித்த செம்புக் காண்டாக்டைச் சேர்த்து பேட்டரியின் முழு கரண்டையும் மோட்டாருக்கு விடுகிறது. இன்ஜின் பிடித்ததும் சாவியை விட்டால் பினியன் பின்னால் வந்துவிடும்.

முதல் படி: குற்றவாளி செல்ஃப்தானா?

சத்தத்தைக் கேளுங்கள். 'டக் டக் டக்' என்று வேகமாக அடித்தால் பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் இல்லை அல்லது டெர்மினல் லூஸ். ஒரே ஒரு 'டக்' என்றால் சொலினாய்டுக்குள் செம்புக் காண்டாக்ட் கரிந்திருக்கலாம், மோட்டாருக்குள் சுற்றுகிற பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கிற கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், கேபிளாகவும் இருக்கலாம். மோட்டார் மட்டும் வெறுமனே சுற்றி இன்ஜின் அசையவில்லை என்றால் பினியனோடு இருக்கிற கிளட்ச் வழுக்குகிறது. கரகரவென்று அரைத்தால் பினியனிலோ ரிங் கியரிலோ பல் போயிருக்கிறது. சத்தமே இல்லை என்றால் செல்ஃபைத் தொடுவதற்கு முன்னால் சாவி சுவிட்ச், ரிலே, சொலினாய்டுக்குப் போகும் மெல்லிய வயர், மூன்றையும் பாருங்கள்.

அடுத்து ஒரு மல்டிமீட்டர். சாதாரண மீட்டரே போதும், இது இல்லாமல் செல்ஃபுக்குக் காசு கொடுக்காதீர்கள். வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். பேட்டரியில் மீட்டரை வைத்துப் பாருங்கள், 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12 வோல்ட் என்றால் கிட்டத்தட்ட காலி, சார்ஜ் போட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு பார்க்க வேண்டும். சார்ஜ் இருந்தால், இன்ஜின் ஸ்டாப் நாபை ஒருவர் இழுத்துப் பிடித்துக்கொண்டு (டீசல் போகாமல் இன்ஜின் வெறுமனே சுற்றத்தான்) சாவியைத் திருப்பட்டும். அந்த நேரத்தில் பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். பேட்டரி நன்றாக நிற்கிறது, ஆனாலும் இன்ஜின் சோம்பலாகச் சுற்றுகிறது என்றால் கேபிளைப் பார்க்க வேண்டும். மீட்டரின் சிவப்பு முள்ளை பேட்டரியின் பிளஸ் கம்பத்திலும் (கிளாம்ப்பில் இல்லை, ஈயக் கம்பத்திலேயே), கறுப்பு முள்ளைச் செல்ஃபில் தடித்த கேபிள் வந்து சேரும் போல்ட்டிலும் வைத்துவிட்டு மறுபடி சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தக் கேபிளோ அதன் இணைப்புகளோ கரண்டைத் தின்கின்றன என்று அர்த்தம். அதேபோல பேட்டரியின் மைனஸ் கம்பத்துக்கும் செல்ஃப் பாடிக்கும் நடுவே பாருங்கள், அங்கே 0.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. நான் செய்யாமல் விட்ட சோதனை இதுதான், அஞ்சு நிமிட வேலை. மீட்டர் கையில் இல்லாத இடத்தில் நாலைந்து தடவை சாவி போட்டுவிட்டு ஒவ்வொரு இணைப்பாகக் கையால் தொட்டுப் பாருங்கள், எது சூடாக இருக்கிறதோ அதில்தான் கோளாறு.

இரண்டாவது: கழற்றி, திறந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்

பேட்டரியின் மைனஸ் கேபிளை முதலில் கழற்றிவிட்டுத்தான் ஸ்பேனரை உள்ளே விட வேண்டும். பழைய லாரி செல்ஃப் நல்ல கனம், வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு கடைசி போல்ட்டைத் தனியாளாகக் கழற்றாதீர்கள், தாங்கிப் பிடிக்க ஓர் ஆள் இருக்கட்டும்.

கழற்றியதும் நேராகக் கடைக்கு ஓடாமல் நம்பிக்கையான ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்துத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள். கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தால் பிரஷ் செட் மட்டும் போட்டால் போதும். சொலினாய்டு மட்டும் கரிந்திருந்தால் அதை மட்டும் தனியாக மாற்றலாம். ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுற்றுகிற பாகம்) உடம்பில் உரசிய தடம் இருந்தால் புஷ் (அதன் தண்டைத் தாங்குகிற வளையம்) தேய்ந்து ஆர்மேச்சர் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, தடம் லேசாக இருந்தால் புஷ் மாற்றினால் தப்பிக்கும். ஆர்மேச்சரும் அதைச் சுற்றி நிற்கிற ஃபீல்டு காயிலும் சேர்ந்து கரிந்துவிட்டன, முன்பக்கத்து வார்ப்பு விரிசல் விட்டிருக்கிறது என்றால்தான் வேறு செல்ஃப் என்ற பேச்சுக்கே வர வேண்டும். என் வண்டிக்கு செல்ஃப் பார்க்கிற திருமங்கலம் அண்ணன் இதில் ரொம்பக் கறார். "தம்பி, கம்பெனி பாடியைத் தூக்கிப் போட்டுட்டு பளபளன்னு லோக்கலை வாங்காத, பாடி நல்லா இருந்தா உள்ள எதையும் மாத்திக்கலாம்" என்பார். அனுபவப்பட்ட பிறகு நானும் அதே கட்சிதான்.

மூன்றாவது: பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது

வண்டி மாடலைச் சொல்லி செல்ஃப் கேட்கவே கேட்காதீர்கள். 407 என்ற பெயர் 1986-இல் வந்தது, இத்தனை வருடத்தில் அதே பெயரில் எத்தனையோ மாற்றங்கள் நடந்திருக்கின்றன. போதாததற்கு நம் ஊர்ப் பழைய வண்டிகள் பலவற்றில் இன்ஜினே மாறியிருக்கும், முன்னால் வைத்திருந்தவர் எந்த செல்ஃபை மாட்டினார் என்பது யாருக்குத் தெரியும்? அதனால் பழைய செல்ஃபில் இருக்கிற தகட்டைத் துடைத்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், இன்ஜின் நம்பரையும் குறித்துக்கொள்ளுங்கள். தகட்டில் பார்ட் நம்பர், வோல்ட், சில சமயம் கிலோவாட் இருக்கும். இரண்டும் கையில் இருக்க, பழைய செல்ஃபையும் ஒரு சாக்கில் சுற்றி எடுத்துப் போங்கள்.

கடையில் முதலில் வோல்ட். 407 மாதிரி சின்ன வண்டிகள் 12 வோல்ட், பெரிய லாரிகள் பல 24 வோல்ட். இரண்டு பேட்டரி இருப்பதை மட்டும் பார்த்து 24 என்று முடிவு செய்யாதீர்கள். ஒன்றின் பிளஸ்ஸும் அடுத்ததன் மைனஸும் இணைந்திருந்தால் 24, பிளஸ்ஸோடு பிளஸ்ஸும் மைனஸோடு மைனஸும் இணைந்திருந்தால் 12. மேலே சொன்ன மீட்டர் அளவெல்லாம் 12 வோல்ட் வண்டிக்கு, 24 என்றால் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து பினியன். பல்லை எண்ணுங்கள், சாக்பீஸால் ஒரு பல்லில் அடையாளம் வைத்துக்கொண்டு இரண்டு தடவை எண்ணுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்தாலே போதும் என்று நினைத்ததுதான் எனக்கு வினையாகிப் போனது. பல்லின் தடிமனும், பினியனின் வெளி விட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், செல்ஃப் இன்ஜினோடு உட்காரும் முகத்திலிருந்து பினியன் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பது, அதை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். எனக்குக் கிடைத்ததில் சில மில்லிமீட்டர் பின்னால் நின்றிருக்கிறது, அதனால் ஒவ்வொரு தடவையும் பினியன் பாதிப் பல்லில்தான் கடித்து இழுத்திருக்கிறது. மூன்று மாதம் தாங்கியதே பெரிது.

அதோடு போல்ட் ஓட்டை எத்தனை, எவ்வளவு இடைவெளி, ஹவுசிங்குக்குள் நுழைகிற கழுத்தின் விட்டம் என்ன என்று பாருங்கள். கழுத்து கொஞ்சம் சின்னதாக இருந்து போல்ட் மட்டும் பொருந்தினால் செல்ஃப் நடு விலகி உட்காரும், அப்புறம் வாழ்நாள் முழுக்க அரைக்கிற சத்தம்தான். பினியன் பக்கமிருந்து பார்த்தால் எந்தத் திசையில் சுற்றுகிறது என்பதும், சொலினாய்டு மேலே நிற்கிறதா பக்கவாட்டிலா என்பதும் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் சேஸிஸிலோ சைலன்சர் பைப்பிலோ இடிக்கும்.

நான்காவது: எந்த வகை, யாருடையது

பழைய வண்டிகளில் வந்தது ஆர்மேச்சரிலிருந்து நேரடியாகப் பினியனைச் சுற்றுகிற டைரக்ட் வகை. இப்போது கியர் ரிடக்ஷன் வகை கிடைக்கிறது, உள்ளே மோட்டார் வேகமாகச் சுற்றும், நடுவில் இருக்கிற பல்சக்கரங்கள் வேகத்தைக் குறைத்துத் திருகு விசையைக் கூட்டிக் கொடுக்கும். எடை குறைவு, கரண்டும் குறைவாக இழுக்கும், பேட்டரி கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் இன்ஜினைச் சுற்றிவிடும். உங்கள் இன்ஜினுக்கு அளவு மாறாமல் பொருந்துகிற மாதிரி கம்பெனி தயாரிப்பாகக் கிடைத்தால் தாராளமாக அதற்குப் போகலாம். ஆனால் உசிலம்பட்டி, மேலூர் பக்கம் நடுராத்திரியில் நின்றால் எந்தப் பட்டறையிலும் பிரித்து ஓட வைக்க டைரக்ட் செல்ஃப்தான் சுலபம், அதனால் நான் அதிலேயே இருக்கிறேன்.

கம்பெனி என்றால் நம் பக்கத்துப் பழைய டாடா, லேலண்டு வண்டிகளில் அதிகம் பார்ப்பது லூகாஸ் டி.வி.எஸ். சென்னையில் பாடி என்ற பகுதியில் இருக்கிற கம்பெனி, 1961-இல் தொடங்கியது. அடுத்து பாஷ். ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள், பாஷ் தன் ஸ்டார்ட்டர் மோட்டார் பிரிவை விற்றுவிட்டது, 2018-லிருந்து அது எஸ்.இ.ஜி. ஆட்டோமோட்டிவ் என்ற பெயரில் நடக்கிறது. பெட்டியில் அந்தப் பெயரைப் பார்த்ததும் டூப்ளிகேட் என்று ஒதுக்க வேண்டாம். புது கம்பெனி சாமான் வாங்க வசதி இருந்தால் அதுதான் முதல் தேர்வு, கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற டீலரிடம் பார்ட் நம்பர் சொல்லி வாங்குங்கள். வசதி இல்லையா, உங்கள் கம்பெனி பாடியிலேயே நல்ல சாமான் போட்டுக் கட்டச் சொல்லுங்கள். கடையில் தயாராக இருக்கிற ரீகண்டிஷன் (பழையதைப் பழுது பார்த்து விற்பது) மூன்றாவது இடம்தான், உள்ளே எது புதுசு, எது பழசு என்று வெளியிலிருந்து தெரியாது. பேர் தெரியாத லோக்கலை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

எதை வாங்கினாலும் காசு கொடுக்கும் முன் கடையிலேயே பேட்டரி கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு ஆள் காலால் அழுத்திப் பிடிக்க வேண்டும், துள்ளும். பினியன் சட்டென்று முழுசாக வெளியே வர வேண்டும், சத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும், விட்டதும் உடனே உள்ளே போக வேண்டும். பினியனைக் கையால் சுற்றினால் ஒரு பக்கம் லேசாகச் சுற்றி மறுபக்கம் ஆர்மேச்சரையும் சேர்த்து இழுக்க வேண்டும், தண்டு பக்கவாட்டில் ஆடக் கூடாது. நான் வாங்கியபோது "வாரன்டி இருக்கு" என்று வாயால்தான் சொன்னார்கள். பில்லில் சீரியல் நம்பரோடு எழுதி வாங்குங்கள்.

கடைசி: மாட்டும்போது

செல்ஃப் கழன்றிருக்கும்போதே அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்து ரிங் கியரைப் பாருங்கள், இன்ஜினை முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். நாலு சிலிண்டர் இன்ஜின் கம்ப்ரஷன் காரணமாக எப்போதும் ஏறக்குறைய அதே இரண்டு இடத்தில்தான் நிற்கும், ஆறு சிலிண்டர் என்றால் மூன்று இடம், அதனால் பற்களும் அந்த இடங்களில்தான் தேயும். கண்ணுக்குத் தெரிகிற நாலு பல்லைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. தேய்ந்த ரிங் கியரில் புது பினியனை விட்டால் அதுவும் சேர்ந்து தேயும்.

செல்ஃபுக்கு எர்த் அதன் பாடி வழியாகத்தான் போகிறது, அதனால் உட்காரும் முகத்தில் இருக்கிற பெயின்ட்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். கேபிள் உறைக்குள் பச்சை பூத்திருந்தால் புது கேபிள் போடுங்கள், பேட்டரியிலிருந்து சேஸிஸுக்கும் இன்ஜினிலிருந்து சேஸிஸுக்கும் போகிற எர்த் பட்டைகளையும் சேர்த்து. சொலினாய்டின் செம்பு போல்ட் நட்டை வெறி பிடித்தாற்போல் முறுக்க வேண்டாம், போல்ட்டே உள்ளே சுற்றிக்கொள்ளும். இன்ஜினின் பின்பக்க ஆயில் சீல் ஒழுகி ஃப்ளைவீல் பக்கம் ஆயில் வந்தால் அதையும் அப்போதே சரி செய்யுங்கள், கிளட்ச் தூசியோடு சேர்ந்து பினியன் தண்டில் கருஞ்சாந்து மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

மாட்டி முடித்ததும் அதே மீட்டர் சோதனையை இன்னொரு தடவை செய்து, வந்த எண்களைப் பில்லின் பின்பக்கத்தில் எழுதி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த வருடம் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். சாவியை ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் திருப்பிப் பிடிக்காதீர்கள், இன்ஜின் கிளம்பவில்லை என்றால் ஒரு நிமிடம் ஆற விட்டு மறுபடி போடுங்கள். கழற்றிய பழையதில் சொலினாய்டும் முன்பக்க வார்ப்பும் நன்றாக இருந்தால் எக்ஸ்சேஞ்சில் கொடுக்காமல் வீட்டில் ஒரு மூலையில் வையுங்கள், என்னுடையது இப்போது பிரஷ்ஷும் புஷ்ஷும் மாற்றி மறுபடி அதே 407-இல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.