நியூட்ரான் விண்மீனைக் கால்குலேட்டரில் பிடிப்பது எப்படி?

சுங்கை சிப்புட்டில் படிவம் ஐந்து பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். நியூட்ரான் விண்மீன் (பெரிய விண்மீன் வெடித்தபின் எஞ்சும், நியூட்ரான்கள் நெருக்கியடித்த கரு) என்றால் படம் காட்ட மாட்டேன், கணக்குப் போடச் சொல்வேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

நிறை 1.4 சூரியன், அதாவது 2.8 × 10³⁰ கிலோ. ஆரம் 12 கிலோமீட்டர். அதை மீட்டருக்கு மாற்றுங்கள். பிள்ளைகள் சறுக்குவது அங்கேதான். கோளத்தின் கன அளவால் வகுத்தால் கன மீட்டருக்குச் சுமார் 4 × 10¹⁷ கிலோ வரும். ஒரு தேக்கரண்டிக்கு ஏறக்குறைய 200 கோடி டன். செம்பனைக் குலை ஏற்றும் பத்து டன் லோரி என்றால் 20 கோடி லோரி. (டீசல் காசு யார் கொடுப்பது என்று ஒருவன் கேட்டான்.)

சரி, இப்போது அணுக்கருவின் அடர்த்தியை எடுங்கள்: சுமார் 2.3 × 10¹⁷. விண்மீனின் சராசரியே அதைத் தாண்டிவிட்டது. நடுப்பகுதி இன்னும் நெருக்கம். அங்கே நியூட்ரான்கள் அப்படியே இருக்கின்றனவா, தங்களுக்குள் இருக்கும் இன்னும் சிறிய துகள்களான குவார்க்குகளாகக் கரைகின்றனவா? அதே நிலையை ஆய்வகத்தில் உண்டாக்க முடியாது. அதனால்தான் ஆரத்தை அளக்கிறார்கள். எளிதில் அமுங்கும் பொருள் என்றால் ஆரம் சிறியது. விறைப்பானது என்றால் பெரியது.

2010இல் சுமார் இரண்டு சூரிய நிறையில் ஒரு நியூட்ரான் விண்மீனை எடைபோட்டதும், உட்பொருள் எப்படி இருக்கும் என்று கணித்த மாதிரிகளில், அவ்வளவு பாரம் தாங்காத மென்மையானவை பல அடிபட்டன. அப்புறம் 2017 ஆகஸ்ட் 17 அன்று பதிவான, இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதில் எழுந்த ஈர்ப்பலைகள் (வெளியில் பரவும் ஈர்ப்பு அதிர்வுகள்), மிக விறைப்பான மாதிரிகளைக் கழித்துவிட்டன.

அடுத்து ஆரத்தை 10 ஆக்கிப் போடுங்கள். இரண்டு கிலோமீட்டர் குறைந்ததற்கே அடர்த்தி 1.7 மடங்காகும்.