பரணில் கிடந்த பணியாரச் சட்டி

அப்பத்தாவின் பணியாரச் சட்டியைப் பரணிலிருந்து இறக்கினால், ஏழு குழியும் செங்கல் நிறம். பழைய இரும்புக்குப் போட்டுவிடு என்றார் வீட்டுக்காரர். நான் கரண்டியால் தட்டிப் பார்த்தேன். கணீரென்றது. வார்ப்பிரும்பு துருப்பிடித்தால் பயமில்லை, விரிசல் விட்டால்தான் போச்சு. விரிசல் இருந்தால் சத்தம் 'டொக்'கென்று செத்துப்போய் வரும்.

துருவுக்குப் பழைய புளியும் கல்லுப்பும். புளியைக் கெட்டியாகக் கரைத்துக் குழிகளில் பூசி, அரை மணி நேரம் கழித்துத் தேங்காய் நாரால் தேய்த்தேன். ராத்திரி முழுக்க விடாதீர்கள்; துருவைத் தின்ற புளி அடுத்து இரும்பைத் தின்னும். கழுவியதும் துடைத்து, உடனே அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். நான் ஒரு போன் பேசிவிட்டு வருவதற்குள் மறுபடி மஞ்சள் பூத்துவிட்டது.

அடுத்தது பழக்குவது. இங்கேதான் நான் சொதப்பினேன். தாராளமாக இருக்கட்டுமே என்று குழிக்கு ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டுக் காய்ச்சினேன். ஆறியதும் பார்த்தால் பசை மாதிரி பிசுக்கு. எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். எண்ணெய் மெல்லிசாக இருந்தால்தான் சூட்டில் இறுகிக் கறுப்புப் படலமாக ஒட்டும். குழிக்கு இரண்டு சொட்டு தடவி, எண்ணெய் தடவினோமா என்றே சந்தேகம் வரும் அளவுக்குத் துணியால் துடைத்தெடுங்கள். ஜன்னலைத் திறந்து வைத்துப் புகை வரும்வரை காய்ச்சி, பத்து நிமிடம் விட்டு, ஆறவிடுங்கள். இப்படி ஐந்து முறை. முதல் ஈடு பணியாரம் எனக்குப் பிய்ந்துதான் வந்தது, காக்காய்க்குப் போட்டேன். மூன்றாவது ஈட்டில் கம்பி பட்டதும் புரண்டது.

சோப்பே படக்கூடாது என்பார்கள். இறுகிய படலத்தைக் கொஞ்சம் பாத்திர சோப்பு ஒன்றும் செய்யாது. தண்ணீரில் ஊறப்போடுவதுதான் கெடுதல். கருப்பட்டிப் பணியாரம் சுட்டு அடிப்பிடித்தால் வெந்நீர் விட்டு ஒரு கொதி விடுங்கள், தானாகக் கழன்றுவிடும். காய்ந்த சட்டியில் மட்டும் பச்சைத் தண்ணீர் கூடாது. அவசரத்தில் சூடான தோசைக்கல்லைக் குழாயடியில் காட்டி, 'டக்'கென்று நடுவில் கீறல் விட்டுத் தூக்கிப்போட்டவள் நான்.

அப்புறம், சப்பாத்திக்குத் தனிக் கல் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயில்லாமல் சுட்டுச்சுட்டு வறண்டுபோன கல்லில் மறுநாள் தோசை எழும்பாது. புளிக்குழம்பெல்லாம் மண்சட்டியிலேயே இருக்கட்டும்.

தினமும் சுடாத சட்டி என்றால், அடுப்பில் ஈரம் போகக் காயவைத்து, எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு, மேலே செய்தித்தாள். பரணுக்கு வேண்டாம். என்னுடையது இப்போது அரிசி டின்னுக்குப் பக்கத்தில், கண்ணில் படும்படி இருக்கிறது.