சளியில் கிருமி இல்லை என்றால் ஒரு கொப்பி வாங்குங்கள்

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் 22 வருடம் தேயிலை ஸ்டோரில் வேலை செய்தவன் நான். கடைசி 9 வருடம் சல்லடைப் பக்கம். காய்ந்த தூளைத் தரம் பிரிக்கும்போது பறக்கும் தூசி கண்ணிமையில்கூட ஒட்டிக்கொள்ளும்.

லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், யாராவது நாள்பட இருமினால் முதல் பேச்சே "டீபீயா?" என்பதுதான். அந்தப் பயம் தப்பில்லை. இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனைதான் முதலில். எனக்குக் கிருமி இல்லை என்று வந்தது. அப்புறமும் ஓரிடத்தில் மூன்று தடவை அன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். கிருமியே இல்லாமல் நுரையீரல் அழன்று வீங்கியிருந்தால் அந்த மாத்திரை என்ன செய்யும்?

நெஞ்சு நோய் கிளினிக்கில்தான் ஒரு டொக்டர் கேட்டார்: "லீவு நாளில் எப்படி இருக்கு ஐயா?" எனக்குப் பதில் தெரியவில்லை.

அதனால் சொல்கிறேன், ஒரு கொப்பி வாங்குங்கள். காலையில் எங்கே நின்றீர்கள், என்ன தூசி, என்ன புகை, இருமல் எத்தனை மணிக்கு, காய்ச்சல் உண்டா என்று எழுதுங்கள். வேலைக்குப் போகாத நாளை மறக்காமல் எழுதுங்கள். என் கொப்பியில் வேலை நாள் மாலையெல்லாம் இழுப்பு. மாத்தளையில் மகள் வீட்டில் இருந்த நான்கு நாளும் நிம்மதியான தூக்கம். தூசியால் வந்த ஆஸ்துமா அது.

மச்சான் கதை வேறு. காலையில் புறாக்கூட்டைக் கழுவுவார்; இரவில் குளிர், காய்ச்சல், நெஞ்சு இறுக்கம். ஓரிரு நாளில் போய்விடும். மழையில் நனைந்ததுதான் காரணம் என்று நினைத்திருந்தார். புறா எச்சமோ பூஞ்சணம் பிடித்த வைக்கோலோ மூச்சில் போனால், 4 முதல் 8 மணி நேரம் கழித்துத்தான் சிலருக்கு உடம்பு காட்டும். இந்த இடைவெளிதான் ஆளை ஏமாற்றும். விடாமல் சுவாசித்தால் நுரையீரல் தழும்பாகிவிடலாம், தழும்பு ஆறாது. புறாக்களை விற்றார். கடைசி ஜோடிக்கு மட்டும் ஒரு மாதம் அக்காவோடு சண்டை.

கிளினிக்குக்குப் போகும்போது குடிக்கிற மாத்திரை எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட்டும் சில வேளை நுரையீரலை அழற்றும். மூட்டுவாதமே அதைச் செய்வதும் உண்டு. சார்கொயிடோசிஸ் என்று, கிருமியில்லாமலே நுரையீரலில் சின்னச் சின்ன அழற்சிக் கட்டிகள் வரும் ஒரு நோய்; அதுவும் எக்ஸ்ரேயில் டீபீ போலவே தெரியலாம். ஆகவே படத்தை மட்டும் வைத்து நீங்களாக முடிவு கட்டாதீர்கள். மூச்சை அளக்கக் குழாயில் ஊதச் சொன்னால் வெட்கப்படாமல், மூச்சு தீரும்வரை ஊதுங்கள். பாதி ஊதினால் கணக்குத் தப்பும்.

பேசி முடிக்க முடியாத அளவு மூச்சு வாங்கினாலோ உதடு நீலித்தாலோ கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரி.

அழற்சியைக் குறைக்கும் ஸ்டீரொய்ட் மாத்திரை தந்தால், சுகமானதும் நீங்களாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. வாயால் இழுக்கும் ஸ்டீரொய்ட் பம்ப் அடித்தால் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படியும். நான் மறப்பேன் என்று என் வீட்டுக்காரி பம்பைப் பல்துலக்கும் பிரஷ்ஷோடு சேர்த்தே வைத்துவிட்டாள்.