சாமான் பட்டியல் போட்டு நாடகம் படிப்பது

மாடி வீட்டுப் பெண் எம்.ஏ. படிக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நார்வே நாடகாசிரியர் இப்சனின் ‘பொம்மை வீடு’ நாடகத்தோடு இறங்கி வந்தாள். “மாமா, நீங்க நாடகக் குழுவுல இருந்தவராச்சே, இதுல சிம்பல் எல்லாம் சொல்லித் தாங்களேன்.” கையில் யாரோ எழுதிய நோட்ஸ். கதாநாயகி நோரா பெண் விடுதலையின் குறியீடு, கதவு சுதந்திரத்தின் குறியீடு, கிறிஸ்துமஸ் மரம் குடும்ப மகிழ்ச்சியின் குறியீடு என்று மளிகைக் கடை விலைப்பட்டியல் மாதிரி ஒரு பக்கம்.

“அது இருக்கட்டும். மரத்தைத் தூக்கிட்டு வந்த ஆளுக்கு நோரா எவ்வளவு கொடுத்தா?” என்று கேட்டேன்.

முழித்தாள். நாடகத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. கூலி நார்வே காசில் ஐம்பது ஓரே, அதாவது அரைக் குரோனர். நோரா ஒரு குரோனரைக் கொடுத்து மீதியை வைத்துக்கொள்ளச் சொல்கிறாள். கேட்டதைப்போல இரண்டு மடங்கு. (சில ஆங்கில மொழிபெயர்ப்புகளில் ஆறு பென்ஸும் ஒரு ஷில்லிங்கும் இருக்கும், குழம்ப வேண்டாம்.) கொஞ்ச நேரத்தில் கணவன் டோர்வால்ட் வந்து, காசு கையில் தங்காதவள் என்று செல்லமாகக் கண்டிக்கிறான். நமக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அதே நோரா துணிக்குக் கொடுத்த பணத்தில் மிச்சம் பிடித்து, ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு நகல் எழுதிச் சம்பாதித்து, வருஷக்கணக்காக ஒரு கடனை அடைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது பிறகு தெரியவருகிறது. அந்த ஒரு குரோனரை மறுபடி திரும்பிப் பாருங்கள். ஊதாரித்தனமா, இல்லை ஒருநாளாவது கையை இறுக்கிப் பிடிக்காமல் இருக்கும் ஆசையா? நோராவைப் பற்றி எழுத உட்காருகிறவர் இங்கிருந்து தொடங்கலாம்.

நான் நடிகனும் இல்லை, பேராசிரியனும் இல்லை. வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே 26 வருஷம் மயிலாப்பூர்ப் பக்கத்து அமெச்சூர் குழு ஒன்றில் சாமான் பார்த்தவன். ‘ப்ராப்பர்ட்டி’ என்று சொல்வோம். டெலிபோன், மூக்குக்கண்ணாடி, கடிதம், வெற்றிலைப் பெட்டி, எந்தக் காட்சியில் எந்த மேஜையில் எது இருக்க வேண்டுமோ அது அங்கே இருக்க வேண்டும். மூர் மார்க்கெட் 1985இல் எரியும்வரை பாதிச் சாமான் அங்கே வாங்கியதுதான். கதாபாத்திரம், கரு, குறியீடு பற்றி நான் கற்றுக்கொண்டது எல்லாம் அந்தப் பட்டியல் நோட்டிலிருந்து. நீங்களும் அப்படியே தொடங்குங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

முதல் தடவை பென்சிலே எடுக்காமல் ஒரே மூச்சில் படித்துவிடுங்கள். இரண்டாம் தடவை ஒரு நோட்டில் நாலு பத்தி பிரியுங்கள். பொருள் என்ன, யார் உள்ளே கொண்டுவருகிறார், யார் யார் கைக்குப் போகிறது, கடைசியில் எங்கே கிடக்கிறது. அடைப்புக்குறிக்குள் இருக்கும் மேடைக் குறிப்புகளைத் தாண்டிப் போகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பாதிச் சரக்கு அங்கேதான்.

‘பொம்மை வீட்டில்’ முதலில் எழுத வேண்டியது மக்ரூன். மேடைக்கு நான் வாங்கி வைத்தது தூத்துக்குடி மக்ரூன்தான், வாயில் போட்டால் கரைந்துவிடும், வசனம் தடுக்காது. டோர்வால்ட் அதைச் சாப்பிடக் கூடாது என்று தடை போட்டிருக்கிறான், பல் கெட்டுவிடுமாம். நோரா அவன் குரல் கேட்டதும் பையைப் பாக்கெட்டில் செருகி வாயைத் துடைத்துக்கொண்டு, வாங்கி வந்ததைப் பார்க்க வாருங்கள் என்று கூப்பிடுகிறாள். அவன் கேட்டபோது சாப்பிடவில்லை என்கிறாள். பிறகு குடும்ப நண்பர் டாக்டர் ராங்க் கேட்டதும் தோழி கிறிஸ்டீன் கொண்டுவந்தது என்று அந்த அம்மாளின் முகத்துக்கு நேரே புளுகுகிறாள். இந்த வீட்டில் பொய் எவ்வளவு சரளமாகப் புழங்குகிறது என்று கடன் விவகாரம் தெரிவதற்கு முன்பே நமக்குக் காட்டியாயிற்று. “நோரா பொய் சொல்லும் இயல்பினள்” என்று எழுதுவதைவிட “நோரா வாயைத் துடைத்துக்கொண்டுதான் கணவனைக் கூப்பிடுகிறாள்” என்று எழுதுங்கள். திருத்துகிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

அடுத்தது மரம். இதில் நான் செய்த தப்பைச் சொல்லியாக வேண்டும். எங்கள் குழு அந்த நாடகத்தைத் தமிழில் போட்டபோது சவுக்குக் கிளையில் ஜிகினா சுற்றி மரம் செய்தேன். இரண்டாம் அங்கம் தொடங்கும்போது அலங்காரமெல்லாம் போய், எரிந்து தீர்ந்த மெழுகுவர்த்தித் துண்டுகளோடு மரம் ஒரு மூலையில் அலங்கோலமாக நிற்க வேண்டும் என்று இப்சன் எழுதியிருக்கிறார். இடைவேளை பத்து நிமிஷம்தான். யார் கவனிக்கப்போகிறார்கள் என்று மரத்தைத் தொடவே இல்லை. திரை விலகியதும் நோரா நிலைகொள்ளாமல் அங்குமிங்கும் நடக்கிறாள், பின்னால் மரம் பளபளவென்று மின்னுகிறது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் “இன்னும் பண்டிகை முடியலையா?” என்று பக்கத்தில் கேட்டது விங்கில் நின்ற என் காதில் விழுந்தது. டைரக்டர் திட்டியதுகூட அவ்வளவு உறைக்கவில்லை.

மரம் என்றால் மகிழ்ச்சி என்று ஒரே வரியில் முடித்தால் நானும் நீங்களும் ஒன்று. முதலில் பிள்ளைகள் கண்ணில் படாமல் ஒளித்துவைக்கச் சொன்ன மரம். பிறகு கடன் கொடுத்த கிரோக்ஸ்டாட் வந்து மிரட்டிவிட்டுப் போனதும், அதை மறப்பதற்காக ‘இங்கே ஒரு மெழுகுவர்த்தி, இங்கே பூ’ என்று நோரா பரபரவென்று அலங்கரிக்கிற மரம். மறுநாள் மொட்டையாக நிற்கிற மரம். மூன்று இடத்தையும் கோத்துப் பாருங்கள், அவளுக்கு நடப்பது மரத்துக்கும் நடக்கிறது. தமிழில் நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. சாமானுக்கும் பொருள் என்றுதான் பெயர், அர்த்தத்துக்கும் பொருள் என்றுதான் பெயர். முதல் பொருளைக் கைவிட்டுவிட்டு இரண்டாவதைத் தேடி ஓடுவதில்தான் நோட்ஸ் எழுதுகிறவர்கள் கோட்டை விடுகிறார்கள்.

தபால் பெட்டியை நீங்களே செய்து பாருங்கள். குறிப்பு மட்டும் தருகிறேன்: சாவி யாரிடம் இருக்கிறது, உடைந்த ஹேர்பின் எங்கே கிடைக்கிறது, பழி யார் மேல் போகிறது.

எல்லாச் சாமானும் குறியீடு ஆகாது. நான் வைத்திருக்கும் சோதனை எளிது. அந்தப் பொருள் அன்றைக்கு மேடைக்கு வராமல் போனால் என்ன ஆகும்? பூச்சாடி வராவிட்டால் ஒன்றும் ஆகாது. ஷேக்ஸ்பியரின் ‘ஒத்தெல்லோ’வில் கைக்குட்டை வராவிட்டால் திரையை இறக்க வேண்டியதுதான். மக்ரூன் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது, அது இல்லாமலும் கதை நடக்கும், நோரா பாதியாகிவிடுவாள். சோதனை எப்போதும் செல்லும் என்று சொல்லமாட்டேன். செக்காவின் ‘செர்ரித் தோட்டம்’ நாடகத்தில் தோட்டத்தையே யாரும் மேடைக்குத் தூக்கிவர முடியாது. கடைசியில் கோடரிச் சத்தம்தான் கேட்கிறது. ஆகவே சத்தங்களுக்கும் தனியாக ஒரு பட்டியல் போடுங்கள். கடைசியில் நோரா வீட்டை விட்டு வெளியேறும் கதவுச் சத்தமும் அதில்தான் வரும்.

கைக்குட்டைக்கு வருகிறேன். அதன் பயணத்தை மட்டும் எழுதிப் பார்த்தால் நாடகமே கைக்கு வந்துவிடும். தலைவலி என்கிற ஒத்தெல்லோவுக்குக் கட்டிவிட மனைவி டெஸ்டிமோனா எடுக்கிறாள், அவனே அதைச் சிறியது என்று ஒதுக்குகிறான், கீழே விழுகிறது. அவள் தோழி எமிலியா எடுத்துத் தன் கணவன், சூழ்ச்சிக்கார இயாகோவிடம் கொடுக்கிறாள். டெஸ்டிமோனாவுக்கும் காசியோ என்ற அதிகாரிக்கும் தொடர்பு என்று ஒத்தெல்லோவை நம்பவைக்க, அவன் அதைக் காசியோவின் அறையில் போடுகிறான். காசியோ அந்தப் பூவேலையை நகலெடுக்கச் சொல்லித் தன் காதலி பியாங்காவிடம் கொடுக்கிறான். அவள் கோபத்தில் திருப்பி வீசுவதை ஒத்தெல்லோ ஒளிந்திருந்து பார்க்கிறான். விழ விட்டதில் தன் கைக்கும் பங்கு உண்டு என்பது அவனுக்குக் கடைசிவரை நினைவுக்கே வருவதில்லை. இன்னொன்று. மூன்றாம் அங்கத்தில், அம்மாவுக்கு ஒரு எகிப்தியப் பெண் கொடுத்த மந்திரக் கைக்குட்டை என்கிறான். ஐந்தாம் அங்கத்தில், அப்பா அம்மாவுக்குக் கொடுத்தது என்கிறான். முதல் கதை மனைவியை மிரட்டச் சொன்ன கற்பனையா, எழுதியவரின் கவனக்குறைவா என்று வாதாடலாம். நான் முதல் கட்சி.

கதாபாத்திரத்தை அலச, மறைவில் நின்று வசனம் எடுத்துக்கொடுக்கும் எங்கள் ப்ராம்ப்டர் செய்த வேலையைச் செய்யுங்கள். புது நடிகருக்கு அவர் வசனத்தையும், அதற்கு முந்தைய ஒரு வரியையும் மட்டும் தனித் தாளில் எழுதிக் கொடுப்பார். ஷேக்ஸ்பியர் காலத்து நடிகர்களுக்கும் இப்படித் தங்கள் பங்கு மட்டும்தான் கையில் கிடைத்தது. எமிலியாவை இப்படித் தனியாகப் பிரித்து எழுதுங்கள். கைக்குட்டை எங்கே போனதென்று டெஸ்டிமோனா தவிக்கும்போது எமிலியாவின் பதில், எனக்குத் தெரியாது என்று ஒரே வரி. மொத்த நாடகமாகப் படிக்கும்போது கண்ணில் படாமல் ஓடிவிடும். தனித் தாளில் அது சுரீரென்று குத்தும். அவள் பொய் சொல்கிறாள், யாருக்குப் பயந்து? கடைசியில் உயிரைக் கொடுத்து உண்மையைப் போட்டு உடைப்பவளும் அவள்தான். நல்லவள், கெட்டவள், விசுவாசமானவள் என்று பெயரடை ஒட்டுவதை விட்டுவிட்டு, அந்த ஒரு வரியிலிருந்து கடைசிக் காட்சிவரை அவள் எப்படி வந்து சேர்ந்தாள் என்று சொல்லுங்கள். மற்றவர்கள் ஒருவரைப் பற்றிச் சொல்வது சாட்சியம்தான், தீர்ப்பு இல்லை. ‘நேர்மையான இயாகோ’ என்று நாடகத்தில் எத்தனை பேர் சொல்கிறார்கள்!

நம் ஊர் நாடகம் ஒன்று. பள்ளிக்கூட மைதானத்தில் ‘நீராருங் கடலுடுத்த’ என்று நின்று பாடியவர்களில், அது சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ பாயிரத்தில் வருவது என்று தெரிந்தவர் பலர். 1891இல் வந்த அந்த நாடகத்தை ஐந்து அங்கமும் படித்தவர் சொற்பம். குடிலன் என்ற மந்திரியின் பெயரிலேயே வளைவு இருக்கிறது. அரசன் ஜீவகன் உயிர், சுந்தர முனிவர் குரு என்று தத்துவ விளக்கமும் உண்டு, பெயர்களே அதற்கு இடம் தருகின்றன. அதற்குள் குதிக்கும் முன் சுருங்கை வழியைப் பின்தொடருங்கள். முனிவர் அரசனைக் காப்பாற்ற நிலத்தடியில் ரகசியமாக அமைத்த வழி அது. அதைக் கண்டுபிடித்த குடிலன் காட்டிக்கொடுக்க அதே வழியில் போகிறான். பகை அரசன் புருடோத்தமன் அந்தத் துரோகியை விலங்கிட்டு அதே வழியாக அரண்மனைக்குள் வந்து, கடைசியில் அரசன் மகள் மனோன்மணியின் மணமாலையை ஏற்கிறான். ஒரே சுரங்கம். காப்பாற்றவும் கவிழ்க்கவும் உதவுகிறது. இதைச் சொல்லிவிட்டுப் பிறகு தத்துவத்துக்குப் போனால் தத்துவமும் நிற்கும்.

பழைய கதையை எடுத்து எழுதிய நாடகமென்றால் ஆசிரியர் புதிதாக எதைச் சேர்த்தார் என்று பார்ப்பது குறுக்கு வழி. மகாபாரதத்துச் சகுந்தலைக்கு மோதிரம் கிடையாது, துர்வாசர் சாபமும் கிடையாது. துஷ்யந்தன் தெரிந்தே மறுக்கிறான். காளிதாசன் இரண்டையும் சேர்த்ததும் பழி ராஜாவை விட்டு இறங்கிவிடுகிறது. அந்த மோதிரம் காதலின் அடையாளமா, அரசனுக்குக் கிடைத்த ஜாமீனா? நீங்கள் எந்தப் பக்கம் என்று எழுதுங்கள்.

கரு என்பதைக் ‘காதல்’, ‘துரோகம்’ என்று ஒற்றைச் சொல்லில் நிறுத்தாதீர்கள். கேள்வியாகக் கேளுங்கள். ‘பொம்மை வீட்டில்’ நான் பணத்தையும் தேதியையும் கூட்டிப் பார்ப்பேன். கடன் 4,800 குரோனர். கணவன் உயிரைக் காப்பாற்ற வாங்கியது. நோராவின் அப்பா செத்தது செப்டம்பர் 29. பத்திரத்தில் நோராவே போட்ட அவர் கையெழுத்துக்கு நேரே தேதி அக்டோபர் 2. மூன்று நாள் வித்தியாசத்தில் அன்பு குற்றமாகிவிடுகிறது. சட்டம் யாருக்காக எழுதப்பட்டது என்ற கேள்வி இங்கே தானாக எழுகிறது. 1879இல் எழுதிய நாடகம், வங்கியில் கையெழுத்துச் சரிபார்த்தே காலம் தள்ளிய எனக்கு இந்த இடத்தில் இன்றும் வயிற்றைக் கலக்கும்.

எழுதும்போது ஒரு பத்திக்கு ஒரு பொருள், ஒரு காட்சி, ஒரு வரி மேற்கோள், அதிலிருந்து உங்கள் முடிவு. ‘குறியீடு’ என்ற சொல்லைப் பத்தியின் கடைசிவரை கையில் எடுக்காமல் எழுதிப் பாருங்கள், பல சமயம் தேவையே படாது. முடிந்தால் மேடையில் ஒரு நாடகம் பாருங்கள். எழும்பூர் பாந்தியன் சாலையில் மியூசியம் தியேட்டரும் கன்னிமாரா நூலகமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன, பிரதியைப் படிக்கிற இடமும் நாடகம் பார்க்கிற இடமும் நாலு எட்டுத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் தன் பட்டியலோடு வந்தாள். முப்பத்தொன்று சாமான். என் பழைய நோட்டை எடுத்து ஒப்பிட்டோம். “மாமா, கிறிஸ்டீனோட பின்னல் உங்க லிஸ்ட்டுல இல்லையே?” என்றாள். மூன்றாம் அங்கத்தில் டோர்வால்ட் விருந்திலிருந்து வந்த மிதப்பில், பின்னலைவிடப் பூத்தையல்தான் பெண்களுக்கு அழகு என்று கிறிஸ்டீனுக்குப் பாடம் எடுக்கிறான். உழைத்துப் பிழைக்கிற விதவையிடம். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே, நோராவின் ரகசியத்தை உடைக்கும் கிரோக்ஸ்டாட்டின் கடிதம் தபால் பெட்டியில் கிடக்கிறது.

நோட்டைப் புரட்டினேன். இல்லை. நேரம் போதவில்லை என்று அந்த வசனத்தை அப்போது வெட்டியிருந்தோம்.

“யார் வெட்டச் சொன்னது?” என்றாள்.